டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பாவை ஆறு வாரம் ஜெர்மனிக்கு அழைத்துச் செல்வது: எங்கிருந்து தொடங்குவது?

காரிமங்கலத்தான்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 64. மூன்று ஆண்டுகளாகத் தருமபுரியில் செவ்வாய், வெள்ளி என வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடப்பதால் பணம் இல்லாமல் ஒரு முறைகூடச் சிகிச்சை தடைப்பட்டதில்லை. சர்க்கரையும் இருப்பதால் காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார்.

என் தங்கை ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அருகில் இருக்கிறாள். அவளுக்குத் தை மாதம் தலைப்பிரசவம். அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஏங்குகிறாள். அப்பாவை விட்டுவிட்டு அம்மா கிளம்ப மாட்டார். அப்பாவோ தன்னால் இந்தப் பயணம் நின்றுவிடக் கூடாது என்று, கேட்கும்போதெல்லாம் "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இருவரையும் டிசம்பர் கடைசியில் அழைத்துச் சென்று பிப்ரவரியில் திரும்ப அழைத்து வரலாம் என்று நினைக்கிறேன். அந்த ஆறு வாரமும் அங்கே டயாலிசிஸ் செய்துகொள்ள யாரைக் கேட்க வேண்டும், இங்கிருந்து என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும், இது நடக்கக்கூடிய காரியம்தானா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பாலக்கோடு ஓய்வாசிரியர்

தம்பி, நடக்கக்கூடிய காரியம்தான். எட்டு ஆண்டுகளாக டயாலிசிஸில் இருப்பவன் நான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் உள்ள மகன் வீட்டில் ஐந்து வாரம் தங்கி, பதினைந்து முறை அங்கேயே டயாலிசிஸ் செய்துகொண்டு ஊர் திரும்பினேன். விமானச் சீட்டை இன்னும் எடுக்கவில்லை என்று நம்புகிறேன். முதலில் உறுதியாக வேண்டியது அங்குள்ள மையத்தில் அப்பாவுக்கான இடம். அது எழுத்தில் கைக்கு வந்த பிறகு விசா, அதற்கும் பிறகுதான் சீட்டு. நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்ததால் சீட்டின் தேதியை இரண்டு முறை மாற்ற நேர்ந்தது.

ஜெர்மனியில் இதற்குத் தனிப் பெயரே உண்டு. ஃபெரியன்டயாலிசே, அதாவது விடுமுறைக் கால டயாலிசிஸ் என்பார்கள். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு இடம் கொடுப்பது அங்கே பல மையங்களில் வழக்கமான வேலை. உங்கள் தங்கையோ மாப்பிள்ளையோ வீட்டுக்கு அருகிலுள்ள மூன்று நான்கு மையங்களை இப்போதே தொலைபேசியில் கேட்கட்டும். மின்னஞ்சல் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் நாள் போகும். அங்கே டிசம்பர் 25, 26 இரண்டு நாளும் அரசு விடுமுறை, ஜனவரி 1-ம் விடுமுறை. அந்த வாரங்களில் எல்லா நோயாளிகளின் நாளும் முன்பின்னாக நகரும் என்பதால், புதிதாக வருபவரை அந்த வாரத்தில் சேர்த்துக்கொள்ளத் தயங்குவார்கள். ஜனவரி முதல் வாரம் கழித்துப் போய்ச் சேரும்படி வைத்துக்கொண்டால் இடம் கிடைப்பது எளிது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் டயாலிசிஸ் டெக்னீஷியன் ஒரு வெள்ளைத் தாளில் என் இடது கையை வரைந்து, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அறுவை செய்து தமனியோடு இணைத்த சிரை) ஓடும் இடத்தை நீல மையில் கோடிட்டு, இரண்டு ஊசிகளும் எங்கே எந்தத் திசையில் இறங்க வேண்டும் என்பதை அம்புக்குறியால் காட்டி, பக்கத்திலேயே ஊசியின் அளவையும் எழுதிக் கொடுத்திருந்தார். அங்கே முதல் நாள் என் கையைத் தொட்டுப் பார்த்த செவிலியர் அந்தத் தாளைக் கையின் அருகே வைத்து ஒப்பிட்டுவிட்டுத்தான் ஊசியை எடுத்தார். ஒரு குத்துகூட வீணாகவில்லை. மொழி தெரியாத இடத்தில் அந்தப் படம்தான் எனக்காகப் பேசியது. மகன் ஒரு அட்டையில் சில ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்திருந்தான். தலை சுற்றினால் "ஷ்விண்டலிக்", கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் "க்ராம்ப்ஃப்". மூன்றாவது வாரம் இரண்டாவது சொல்லைச் சொல்ல வேண்டி வந்தது. அடுத்த நிமிடமே இயந்திரத்தில் நீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்தார்கள்.

ஓசூர் டெக்னீஷியன்

ஐயா சொன்ன படத்தை நானும் இனி என் நோயாளிகளுக்கு வரைந்து கொடுப்பேன். தாள்களைப் பற்றி நான் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலருக்கு நாள் வீணாகிறது.

சிறுநீரக மருத்துவரின் கடிதம் ஒன்று வேண்டும். அதில் சிறுநீரகம் எதனால் பழுதானது, எப்போதிலிருந்து டயாலிசிஸ், டிரை வெயிட் (கூடுதல் நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை) எவ்வளவு, எத்தனை மணி நேரம், இரத்த ஓட்ட வேகம், டயாலிசேட்டில் (இரத்தத்தைச் சுத்தம் செய்ய இயந்திரத்தில் ஓடும் திரவம்) பொட்டாசியமும் கால்சியமும் எந்த அளவு, இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பரின் எத்தனை யூனிட், எந்த டயாலிசர் (இரத்தத்தை வடிகட்டும் குழல்), என்ன ஒவ்வாமை என்பவை எல்லாம் இருக்க வேண்டும். அதனுடன் கடைசி மூன்று டயாலிசிஸின் சார்ட்டை (பதிவுத் தாளை) நகல் எடுத்து வையுங்கள். கடிதத்தில் டிரை வெயிட் 58 என்று இருந்து, சார்ட்டில் மூன்று முறையும் 60 கிலோவில் இறங்கியிருந்தால், அங்குள்ள மருத்துவர் அதைக் கேட்டே தீருவார். இங்கேயே அதைச் சரிசெய்துகொண்டு கிளம்புவது நல்லது.

மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி பரிசோதனைகளைப் பெரும்பாலும் கடைசி ஒரு மாதத்துக்குள் எடுத்ததாகக் கேட்பார்கள். மூக்கில் பஞ்சு வைத்து எடுக்கும் எம்ஆர்எஸ்ஏ (பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமி) பரிசோதனையையும் பல மையங்கள் கேட்கும். காமாலை பி தடுப்பூசி போட்டிருந்தால் மட்டும் போதாது, இரத்தத்தில் அதன் எதிர்ப்பு அளவு 10-க்கு மேல் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இந்த ஊசியை இரட்டை அளவில் 0, 1, 2, 6 மாதங்களில் போடுவது வழக்கம் என்பதால், இதுவரை போடாதவர் கடைசி நேரத்தில் முடித்துக்கொள்ள முடியாது. காமாலை பி இருப்பவர்களுக்குத் தனி இயந்திரம் வேண்டும். அவர்கள் இன்னும் பல மாதம் முன்பே தேடத் தொடங்க வேண்டும்.

நம் ஊரில் ஒரே டயாலிசரைக் கழுவி அதே நோயாளிக்கு மீண்டும் பயன்படுத்துவது பரவலாக உண்டு. அங்கே ஒவ்வொரு முறையும் புதிதுதான். புது டயாலிசரில் சிலருக்கு முதல் சில நிமிடங்கள் அரிப்போ நெஞ்சு இறுக்கமோ வரலாம். அப்பாவுக்கு முன்பு அப்படி வந்திருந்தால் கடிதத்தில் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

தண்ணீரைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்பதுண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தப் பயம் நம் மக்களுக்கு இருப்பது இயல்பு. நிமிடத்துக்கு 500 மில்லி என்று நான்கு மணி நேரம் ஓடினால் 120 லிட்டர் டயாலிசேட் ஒருவரின் இரத்தத்துக்கு அருகே, ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் ஓடுகிறது. அதனால்தான் இங்கேயும் அங்கேயும் ஆர்ஓவில் சுத்திகரித்த நீரை மட்டுமே இயந்திரத்துக்குக் கொடுக்கிறோம்.

காரிமங்கலத்தான்

ஐயாவுக்கும் ஓசூர் அண்ணாவுக்கும் நன்றி. தங்கை இரண்டு மையங்களில் பேசிவிட்டாள். ஒன்றில் ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து இடம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வாரம் இரண்டு முறைதான் என்றதும், "ஏன் மூன்று இல்லை?" என்று கேட்டிருக்கிறார்கள். இங்கே இரண்டு முறையிலேயே அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். அங்கே மூன்று முறை என்றால் செலவும் ஒன்றரை மடங்காகும். கூடுதலாகச் செய்வதால் தீங்கு ஏதும் உண்டா? பயணக் காப்பீட்டில் இந்தச் செலவைக் கேட்டுப் பெற முடியுமா?

ஓசூர் டெக்னீஷியன்

தீங்கு இல்லை, வாரம் மூன்று முறை, நான்கு நான்கு மணி நேரம் என்பதுதான் பொதுவான அளவு. இரண்டு முறையில் சிலர் நன்றாக இருப்பதற்குக் காரணம் அவர்களுக்கு இன்னும் ஓரளவு சிறுநீர் பிரிவதுதான். அப்பாவுக்கு ஒரு நாள் முழுவதும் பிரியும் சிறுநீரை ஒரு கேனில் பிடித்து அளந்து பாருங்கள். இந்த அளவு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வரும். தங்கை வீட்டில் நேரமும் உணவும் மாறும், குளிரில் சூடாகக் காபியும் சூப்பும் குடிக்கத் தோன்றும். இரண்டா மூன்றா என்பதை அந்த அளவைக் காட்டி உங்கள் மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். செலவைப் பார்த்து நாமாக முடிவு செய்யும் விஷயம் அல்ல இது.

கிருஷ்ணகிரி முகவர்

காப்பீட்டுத் துறையில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஜெர்மனி உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளின் (ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அந்தத் தொகையைப் பார்த்துப் பலர் டயாலிசிஸும் அதில் அடங்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அடங்காது. எதிர்பாராத நோய்க்கும் விபத்துக்கும்தான் அந்தப் பாலிசி. முன்பே தெரிந்த நோய்க்கான தொடர் சிகிச்சையைப் பொதுவாக விலக்கியே வைத்திருப்பார்கள். சில பாலிசிகள் முன்பே உள்ள நோயால் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் ஒரு வரம்புக்குள் கொடுக்கும். ஆகவே டயாலிசிஸ் செலவு முழுவதும் கைக்காசு என்று கணக்கிட்டு, ஒரு முறைக்கு எவ்வளவு, மருத்துவர் கட்டணம் சேர்த்தா சேர்க்காமலா, முன்பணம் எவ்வளவு என்பதை மையத்திடமே எழுத்தில் கேளுங்கள். நம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் அங்கே செல்லாது.

விண்ணப்பத்தில் டயாலிசிஸை மறைக்க வேண்டாம். மறைத்துவிட்டு, அங்கே நெஞ்சுவலி என்று சேர்த்தால் அந்தச் செலவையும் நிறுவனம் மறுத்துவிடும்.

ஊத்தங்கரை மருந்தகம்

அப்பா இன்சுலின் போடுவதாக எழுதியிருந்ததால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஊரில் பாட்டிலில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. வெளிநாடுகளில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. இங்கிருந்து கொண்டுபோன சிவப்பு மூடி சிரிஞ்சில் அங்கே வாங்கிய இன்சுலினை 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்சுலின் உடலில் நெடுநேரம் நிற்கும் என்பதால், தாழ்சர்க்கரையில் தூக்கத்திலேயே நினைவு தப்பிவிடலாம். பாட்டில், சிரிஞ்சு இரண்டையும் ஆறு வாரத்துக்கும் மேலும் இரண்டு வாரத்துக்கும் இங்கிருந்தே வாங்கிச் செல்லுங்கள், அல்லது மருத்துவரிடம் கேட்டு இப்போதே இன்சுலின் பேனாவுக்கு மாறி, பழகிக்கொண்டு கிளம்புங்கள். சரக்குப் பெட்டியில் போட்டால் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகலாம். ஹீமோகுளோபினுக்குப் போடும் எரித்ரோபொய்ட்டின் ஊசிக்கும் இதே கதைதான். இரண்டையும் ஐஸ் கட்டி நேரடியாகப் படாத குளிர்ப்பையில் வைத்துக் கைப்பையில் கொண்டு செல்லுங்கள். பாதுகாப்புச் சோதனையில் மருத்துவர் சீட்டைக் காட்டினால் விடுவார்கள்.

மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் அங்கே யாருக்கும் புரியாது. மருந்தின் மூலப் பெயரை அச்செழுத்தில் எழுதி வாங்குங்கள். இந்த இழையை வளைகுடாவுக்குச் செல்பவர்களும் படிக்கக்கூடும் என்பதால் அவர்களுக்கு ஒரு வரி: டிரமடால், கோடீன், கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் பிரிகாபலின் போன்றவை ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அந்த நாட்டு அரசின் முன் அனுமதி பெறாமல் எடுத்துச் சென்றால் மருந்து மட்டுமல்ல, ஆளும் விமான நிலையத்தில் நிற்க நேரிடும்.

தேன்கனிக்கோட்டை விவசாயி

எல்லோரும் எப்படிப் போவது என்றே சொல்கிறீர்கள். என் அண்ணன் டயாலிசிஸில் இருந்தபோது பெங்களூரு போய் வருவதற்கே சோர்ந்துவிடுவார். 64 வயதில், சர்க்கரையும் சேர்ந்து, பனிக்காலத்தில் இந்தப் பயணம் தேவைதானா? அம்மாவை மட்டும் அனுப்பிவிட்டு அப்பாவை நீங்கள் பார்த்துக்கொள்ளலாமே. என் மனத்தில் பட்டதைச் சொன்னேன், தவறாக எண்ண வேண்டாம்.

பாலக்கோடு ஓய்வாசிரியர்

உங்கள் அக்கறை புரிகிறது ஐயா. இதயம் பலவீனமானவர்களும், டயாலிசிஸ் நடக்கும்போதே அடிக்கடி இரத்த அழுத்தம் சரிபவர்களும் போகாமல் இருப்பதுதான் சரி. அதைச் சிறுநீரக மருத்துவரும் ஓர் எக்கோ (இதய ஸ்கேன்) பரிசோதனையும் சொல்லிவிடும். ஆனால் மற்றவர்களுக்கு நோய் இருக்கிறது என்பதற்காகவே வீட்டோடு இருங்கள் என்று சொன்னால், வாரத்தில் இரண்டு மூன்று நாள் இயந்திரத்துக்குக் கொடுத்தவன் மீதி நாள்களையும் அதற்கே கொடுத்தவன் ஆகிறான். பேரனைக் கையில் வாங்கிய அந்த நாளை நான் எதற்கும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

மத்தூர் அம்மா

என் கணவருக்கு சிஏபிடி, அதாவது பையிலுள்ள திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுத்து வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸ். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்டில் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். அதன் மூலமாகத்தான் பைகள் வீட்டுக்கு வருகின்றன. இயந்திரத்தையும் மையத்தையும் நம்பியிருக்க வேண்டாம் என்பதால் எங்களைப் போன்றவர்களுக்குப் பயணம் எளிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் பை நான்கு என்றால் நாளொன்றுக்கு எட்டு கிலோவுக்கு மேல். இரண்டு வாரத்துக்கு நூறு கிலோவைத் தாண்டிவிடும், விமானத்தில் கொண்டுபோக இயலாது. பை தயாரிக்கும் நிறுவனம் போகும் ஊருக்கே அனுப்பித் தரும், ஆனால் பல வாரங்களுக்கு முன்பே சொல்ல வேண்டும், பணமும் நாம்தான் கட்ட வேண்டும். வழியில் தேவைப்படும் இரண்டு நாளுக்கான பைகளை மட்டும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வரும் நீர் கலங்கலாக இருந்தால் எந்த நாடாக இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாலக்கோடு ஓய்வாசிரியர்

தம்பி, போவதைப் பற்றியே இதுவரை பேசினோம். எனக்கு ஆபத்து வந்தது திரும்பிய பிறகு. அதை எழுதாமல் இந்த இழையிலிருந்து விலக மனம் வரவில்லை.

கடைசி டயாலிசிஸை அங்கே சனிக்கிழமை முடித்துக்கொண்டு, திங்கள் விடியற்காலை வீடு வந்து சேர்ந்தேன். செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் என் மையத்துக்குச் சென்றேன். வெளிநாட்டில் செய்துகொண்டு வந்தவர் என்பதால் காமாலை, எச்ஐவி பரிசோதனைகளை மீண்டும் எடுத்து, முடிவு வந்த பிறகுதான் இயந்திரத்தில் போட முடியும் என்றார்கள். பரிசோதனை கேட்டதில் தவறே இல்லை. மற்ற நோயாளிகளைக் காப்பது அவர்கள் கடமை. ஆனால் கிளம்பும் முன் நான் இரண்டு முறை விசாரித்தபோதும் இதை யாரும் சொல்லவில்லை. தனி இயந்திரத்திலாவது போடுங்கள் என்று கேட்டபோதும் இடமில்லை என்றார்கள். நான் இல்லாத ஐந்து வாரத்தில் என் நேரத்தையும் வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

முடிவுக்காகக் காத்திருந்த புதன் இரவு என்னால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. திண்ணையில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. என் மனைவி விசிறிக்கொண்டே, இடது கையில் ஃபிஸ்டுலா அதிர்கிறதா என்று நொடிக்கொரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். விடியும் முன் 108-ஐ அழைத்து வேறொரு மருத்துவமனையில் அவசரமாக டயாலிசிஸ் செய்தார்கள். நுரையீரலில் நீர் ஏறிவிட்டது என்றும் இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் கடினம் என்றும் சொன்னார்கள்.

ஆகவே கிளம்பும் முன்பே மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: திரும்பி வந்ததும் முதல் டயாலிசிஸ் எந்தத் தேதியில் எந்த நேரத்தில், பரிசோதனை முடிவு வரும்வரை எந்த இயந்திரம், அப்பாவின் இடத்தை ஆறு வாரத்துக்குத் தற்காலிகமாக மட்டுமே வேறொருவருக்குக் கொடுப்பார்கள் என்ற உறுதி. கடைசி வாரத்தில் அங்கேயே அந்தப் பரிசோதனைகளை எடுத்து, முடிவையும் ஐந்தாறு வாரச் சார்ட்டுகளையும் மின்னஞ்சலில் இங்கே அனுப்பச் சொல்லுங்கள்.

ஓசூர் டெக்னீஷியன்

படிக்கவே வேதனையாக இருக்கிறது ஐயா. தொற்று ஏற்பட்டாலும் முதல் சில வாரம் பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால், திரும்பியவர்களுக்குச் சில மையங்கள் மூன்று மாதம் வரை மீண்டும் மீண்டும் பார்ப்பதுண்டு. அது சிகிச்சையை நிறுத்துவதற்கான காரணம் அல்ல, இயந்திரத்தை ஒதுக்கி வைப்பதற்கான காரணம் மட்டுமே.

பயண நாளுக்கும் ஒரு குறிப்பு: டயாலிசிஸ் முடிந்த மறுநாள் கிளம்பும்படி பாருங்கள். தருமபுரியிலிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்கு அத்திப்பள்ளி நெரிசலையும் சேர்த்து நான்கு மணி நேரமாவது வையுங்கள். விமானத்தில் உப்புக் குறைந்த உணவை முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்யலாம். ஃபிஸ்டுலா உள்ள கையில் கடிகாரமோ பையின் வாரோ வேண்டாம், அந்தக் கையைத் தலைக்கடியில் வைத்து உறங்கவும் வேண்டாம். குடிக்கும் தண்ணீரை ஒரே பாட்டிலில் அளந்து வைத்துக்கொண்டால், பணிப்பெண் கொண்டுவரும் கோப்பைகளுக்குக் கணக்கு தவறாது.

காரிமங்கலத்தான்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் சிறுநீரை ஒரு நாள் முழுவதும் பிடித்து அளந்தோம். 350 மில்லிதான் வந்தது. அதைப் பார்த்த மருத்துவர் அங்கே மட்டுமல்ல, இங்கேயும் இனி மூன்று முறை என்று எழுதிவிட்டார். கேட்டபோது, வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் இடையே திங்கள் இரவுகளில் மூச்சு கனமாகவே இருந்ததாக அப்பா இப்போதுதான் சொல்கிறார். இத்தனை நாள் எங்களிடம் சொல்லவில்லை. இந்தப் பேச்சு எழாமல் இருந்திருந்தால் அது தெரியாமலேயே போயிருக்கும். எக்கோவில் பயப்பட ஒன்றும் இல்லை.

இன்சுலின் பேனாவுக்கு மாறியாயிற்று. காமாலை பி எதிர்ப்பு அளவு போதுமானதாக இருக்கிறது. ஜெர்மனி மையம் ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து திங்கள், புதன், வெள்ளி காலை நேரத்தை உறுதி செய்து மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. விசாவுக்கு விண்ணப்பித்தபோது அந்தக் கடிதத்தையும் இணைத்தோம், விசாவும் வந்துவிட்டது.

இங்குள்ள மையத்தில் ஐயா சொன்ன மூன்றையும் கேட்டபோது முதலில் "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் சொன்னார்கள். ஐயாவுக்கு நேர்ந்ததைப் பொறுப்பு மருத்துவரிடம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, திரும்பி வந்த மறுநாள் காலை ஏழு மணிக்குத் தனி இயந்திரம் என்று தேதியோடு எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அங்கிருந்த டெக்னீஷியன் அக்கா அப்பாவின் கையை இரண்டு தாள்களில் வரைந்து தந்திருக்கிறார். ஒன்று அப்பாவின் சட்டைப்பைக்கு, மற்றொன்று அம்மாவின் கைப்பைக்கு.

பயணச்சீட்டை நாளை எடுக்கிறோம்.